முதுகு தெரியும் படம்

போஸ்டரை அக்காதான் முதலில் பார்த்தாள். ரொட்டிக் கம்பெனியில் காலை ஷிப்ட் முடித்துவிட்டு, மாவு வாசனை போகாத கையோடு பேருந்து நிறுத்தத்தில் நின்றுகொண்டிருந்தாள். நிழற்குடையின் பக்கத் தகட்டில் இரண்டு பேர் பசை தடவிப் புதிதாக ஒன்றை ஒட்டிக்கொண்டிருந்தார்கள். முதலில் அது அவளுக்கு வெறும் படம். சமையலறை ஜன்னலோரம் ஒரு பெண் முதுகு காட்டி நின்று பீன்ஸ் நறுக்குகிறாள். கூந்தலை அள்ளிச் சொருகியிருக்கிறாள். இடது தோள் கொஞ்சம் தூக்கலாக இருக்கிறது. ஜன்னலுக்கு வெளியே உயரமான தண்ணீர்த் தொட்டி, அதன் வயிற்றைச் சுற்றி ஒரு நீலப் பட்டை. பின்னால் மேம்பாலத்தின் வளைவு. கீழே முடிதிருத்தும் கடையின் பாதிப் பலகை. ஒட்டியவர்கள் ஈரத் துணியால் நீவிவிட்டு நகர்ந்த பிறகுதான் அந்தத் தோள் தன்னுடையது என்று அவளுக்கு உறைத்தது.

வந்த பேருந்தில் அவள் ஏறவில்லை. நடந்தே வந்தாள். மருந்துக்கடைச் சுவரில் அவள் முதுகு. பள்ளிக்கூட மதிலில் அவள் முதுகு. மேம்பாலத் தூணில் வரிசையாக ஒட்டியிருந்தார்கள். மழை வரப்போகிற புழுக்கத்தில் பசை காயாமல் பளபளத்தது.

வீட்டுக்கு வந்ததும் செருப்பைக் கழற்றாமலே உள்ளே போய், கட்டிலுக்கு அடியிலிருந்து பெட்டியை இழுத்தாள். தங்கை ஜன்னலோர மேஜையில், குழந்தைகள் பத்திரிகைக்காக ஒரு யானையின் காதை மசியால் நிரப்பிக்கொண்டிருந்தாள். என்ன ஆயிற்று என்று கேட்டாள். அக்கா மகளின் சட்டைகளை மடிக்காமல் அப்படியே பெட்டிக்குள் அள்ளிப் போட்டாள். அப்புறம்தான் திரும்பிப் பார்த்துக் கேட்டாள்.

"எப்ப வரைஞ்சே?"

தங்கைக்கு உடனே புரிந்துவிட்டது. இத்தனை நாளும் சொல்ல வேண்டும் சொல்ல வேண்டும் என்று தள்ளிப்போட்டுக்கொண்டே வந்த விஷயம் அது. "முகம் தெரியலையே அக்கா" என்றாள்.

"அவருக்கு என் முதுகு போதும்டி. இத்தனை வருஷம் அவருக்கு முதுகைக் காட்டிக்கிட்டுத்தானே சமையல் பண்ணேன்."

அவர் என்றால் அக்காவின் புருஷன். தொழில் நில அளவை. முக்காலியில் கருவியை நிறுத்திக் கண்ணை வைத்துப் பார்த்தாரென்றால் ஒரு விரற்கடை பிசகாது என்று பெயர் எடுத்தவர். வழக்கில் கிடக்கும் நிலத்துக்கெல்லாம் அவரைத்தான் தேடி வருவார்கள். தெருவில் யாரிடமும் குரலை உயர்த்திப் பேசியதில்லை. வீட்டுக்குள் கதவைச் சாத்திய பிறகும் அந்தக் குரல் உயராது. அக்காவுக்கு அதுதான் பயம். கடைக்குப் போய் வர எவ்வளவு நேரமாகும் என்று அளந்து வைத்திருந்தார். தாமதமானால் ஏன் என்று நிதானமாகக் கேட்பார். பதில் பிடிக்காவிட்டால் மணிக்கட்டைப் பிடித்து மெல்லத் திருப்புவார். ஒருமுறை அப்படித் திருப்பியதில் எலும்பு விட்டுப்போனது. ஆஸ்பத்திரியில் அவரே பக்கத்தில் உட்கார்ந்து, குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டாள், எப்போதும் அவசரம்தான் என்று டாக்டரிடம் சிரித்தபடி சொன்னார்.

அவர் வெளியூரில் நிலம் அளக்கப் போன ஒரு நாளில் அக்கா மகளைக் கூட்டிக்கொண்டு தங்கையின் வீட்டுக்கு வந்துவிட்டாள். அங்கேயே இருந்தால் கண்டுபிடித்துவிடுவார் என்று இருவரும் குழந்தையோடு இந்த ஊருக்கு மாறினார்கள். வழக்குப் போட்டார்கள். முடியும்வரை இருக்கும் இடம் வெளியே தெரிய வேண்டாம் என்று வக்கீல் அம்மா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அதற்காகத் தங்கை தன் சொந்தப் பெயரையே விட்டாள். அந்தப் பெயரில் புத்தகங்கள் வந்திருந்தன, ஒரு பரிசுகூட வாங்கியிருந்தாள். இந்த ஊரில் படத்தின் மூலையில் சின்னதாக ஓர் எறும்பைப் போட்டு நிறுத்திக்கொண்டாள். ஆளும் சின்ன உருவம். எல்லோருக்கும் அவள் எறும்பு ஆகிப்போனாள்.

பெயரில்லாமல் முதலிலிருந்து ஆரம்பிப்பது எவ்வளவு கஷ்டம் என்று அவள் அக்காவிடம் ஒருநாளும் சொன்னதில்லை. பத்திரிகைக்காரர்கள் புதுப்பிள்ளையிடம் பேசுவதுபோல் பேசினார்கள். அப்படியிருக்கையில் ஊரின் ஓவியர்கள் சேர்ந்து நடத்தும் கண்காட்சிக்கு அந்த வருஷம் 'என் ஜன்னல்' என்று பொருள் வைத்தார்கள். அவளிடமும் ஒரு படம் கேட்டார்கள். ஷிப்ட் இல்லாத ஒரு காலையில் வெளிச்சம் அக்காவின் தோளில் விழுந்திருந்தது. அவள் வரைந்தாள். வந்த படங்களிலேயே அதுதான் எல்லோரையும் நிறுத்திப் பார்க்க வைத்தது. போஸ்டருக்கு அதையே எடுத்துக்கொள்கிறோம் என்றார்கள். வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை.

இதையெல்லாம் இப்போது சொல்லப் பார்த்தாள். "உன்னை வரையணும்னு உக்காரலை அக்கா. அந்த வெளிச்சம் அவ்வளவு நல்லா இருந்துச்சு."

"வெளிச்சம் நல்லா இருந்தா என்னை எடுத்துக்குவியா?" என்றாள் அக்கா. "போ. போய் அதை எடுக்கச் சொல்லு. எப்படியாவது எடுக்கச் சொல்லு."

ஓவியர்களின் பட்டறை ஓர் அச்சகத்தின் மாடியில் இருந்தது. கீழே இயந்திரம் ஓடினால் மேலே மேஜையெல்லாம் லேசாக அதிரும். கோடு போடுகிறவர்கள் அந்த அதிர்வுக்குக் கையைப் பழக்கி வைத்திருந்தார்கள். நீளமான ஒரே கூடம். அடியில் விளக்கு எரியும் கண்ணாடி மேஜை, வெட்டிப் போட்ட காகிதக் குவியல், வண்ணம் கலக்கிக் கலக்கிச் சாம்பல் நிறமாகிப்போன தண்ணீர் டப்பாக்கள். கேலிச்சித்திரம் போடும் தாடிதான் எல்லாவற்றுக்கும் முன்னால் நிற்பவர். தாடியை எடுத்துப் பல வருஷமாகியும் பெயர் மட்டும் முகத்தை விட்டுப் போகவில்லை. அவருக்கு அடுத்த மேஜை இலையம்மாவுடையது. செடிகொடிகளைத் தவிர வேறெதையும் வரையாதவர். வாடிய ஓர் இலையைத் தட்டில் வைத்துக்கொண்டு வாரக்கணக்கில் அதையே பார்த்துக்கொண்டிருப்பார்.

படத்தை எடுத்துவிடுங்கள் என்று எறும்பு சொன்னதும் தாடி சிரித்தார். பெரிய படம் போட்டவர்களுக்கெல்லாம் கடைசி நேரத்தில் வரும் கூச்சம் இது, ஒரு டீ குடித்தால் சரியாகிவிடும் என்றார். அவள் சிரிக்கவில்லை என்பதைக் கண்டதும் குரலை மாற்றிக்கொண்டார். ஊர் முழுக்க ஒட்டியாகிவிட்டது, கைபேசியிலும் போட்டு எங்கெங்கோ போய்விட்டது, நல்ல காரணம் இல்லாமல் எப்படி எடுப்பது என்று கேட்டார். பெட்டிக்கடை, நாய், பஸ் என்று தெருக்காட்சிகள் வரையும் ஒருவர், இப்படியொரு படம் தனக்கு அமைந்தால் பலகையில் கட்டிக் கழுத்தில் மாட்டிக்கொண்டு திரிவேன் என்றார். எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். காரணத்தைச் சொன்னால் அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அது அவள் சொல்லக்கூடிய விஷயம் அல்ல.

மாடிப்படிக்கு வந்து அக்காவுக்குப் போன் செய்தாள். இவர்களிடம் சொல்லட்டுமா என்று கேட்டாள்.

"இதுக்கு மட்டும் கேக்கிறியா?" என்றாள் அக்கா. பிறகு, "சொல்லு" என்றாள்.

எறும்பு உள்ளே போய் நின்றபடியே சொன்னாள். கீழே இயந்திரம் ஓடிக்கொண்டிருந்ததால் கொஞ்சம் உரக்கச் சொல்ல வேண்டியிருந்தது. அதுவே அவளுக்கு அவமானமாக இருந்தது. முடித்தபோது தெருக்காட்சிக்காரர் தலையைக் குனிந்துகொண்டிருந்தார். தாடியின் முகம்தான் வெளுத்துப்போயிருந்தது. கைபேசியை எடுத்து எதையோ தேடினார்.

"எறும்பு, நேத்து ஒருத்தர் நம்ம இணையப் பக்கத்துல வந்து கேட்டாரும்மா. ஒரிஜினல் கிடைக்குமான்னு. நான்தான் பதில் போட்டேன்."

வாசிக்கும்படி இலையம்மா சொன்னார். தாடி வாசித்தார். படம் மிகவும் பிடித்திருக்கிறது, கற்பனையா நேரில் பார்த்ததா என்று அந்த ஆள் கேட்டிருந்தார். எங்கள் ஓவியர் தன் வீட்டுச் சமையலறையிலேயே நின்று பார்த்து வரைந்தது என்று தாடி பெருமையாக எழுதியிருந்தார். காலை வெளிச்சமா, மாலை வெளிச்சமா என்று அடுத்த கேள்வி. காலை என்று பதில். அப்படியென்றால் ஜன்னல் கிழக்குப் பார்த்தது, தொட்டியின் நிழல் விழுந்திருக்கும் விதம் சரியாக இருக்கிறது, ஓவியருக்கு என் பாராட்டைச் சொல்லுங்கள் என்று முடித்திருந்தார்.

"படம் வாங்கறவன் திசையா கேப்பான்?" என்றார் இலையம்மா.

எறும்பு அங்கே கிடந்த காகிதக் கட்டின் மேல் உட்கார்ந்துவிட்டாள். அந்தத் தொட்டியின் நிழலை இரண்டு தடவை அழித்து அழித்துச் சரிசெய்தது அவளுக்கு ஞாபகம் வந்தது.

அதற்குமேல் யாரும் வாதாடவில்லை. அச்சகக்காரர் கையிருப்பில் இருந்த வெற்றுத் தாள்களையெல்லாம் கொடுத்தார். பசை வாளியோடு ஆளுக்கொரு பக்கம் கிளம்பி, போஸ்டர்களின் மேல் வெள்ளைத் தாளை ஒட்டிக்கொண்டே போனார்கள். பாதியில் மழை பிடித்துக்கொண்டது. ஒட்டிய வெள்ளைத்தாள் நனைந்து, அடியில் இருந்த படம் மங்கலாகத் தெரிந்தது. தாடி அதைக் கையாலேயே பிய்த்தார். நகக்கண்ணில் காகிதக் கூழ் ஏறி ரத்தம் வந்தது. இலையம்மா மட்டும் எறும்போடு வீட்டுக்கு வந்தார். என் வீட்டில் மாடி காலியாகத்தான் கிடக்கிறது, நாளைக்கே வந்துவிடுங்கள் என்று அக்காவிடம் சொன்னார். அக்கா அழவில்லை. நாளைய ஷிப்டைச் சொல்லாமல் விட்டால் வேலை போய்விடும், மதியம் வந்ததும் கிளம்பலாம் என்றாள். குழந்தை எதற்குப் பெட்டி என்று கேட்டதற்கு, இலையம்மா வீட்டில் பூனை இருக்கிறது, பார்க்கப் போகிறோம் என்றாள். அன்றைக்கு அவள் தங்கையிடம் அதற்குமேல் ஒரு வார்த்தை பேசவில்லை.

மறுநாள் மழை விட்டிருந்தது. அக்கா வேலைக்கும் குழந்தை பள்ளிக்கும் போன பின், எறும்பு பாத்திரங்களைச் செய்தித்தாளில் சுற்றி அடுக்கிக்கொண்டிருந்தாள். மதியம் சமையலறை அலமாரியைக் காலி செய்யும்போது தற்செயலாக வெளியே பார்த்தாள். தண்ணீர்த் தொட்டியின் அடியில் ஒருவர் நின்றிருந்தார். வெளுத்த முழுக்கைச் சட்டை, கையில் மடித்த போஸ்டர். தொட்டியைப் பார்த்தார். திரும்பி மேம்பாலத்தைப் பார்த்தார். நாலு எட்டு இடப்பக்கம் நகர்ந்து முடிதிருத்தும் கடைப் பலகையைப் பார்த்தார். அவசரமே இல்லை. பிறகு கண்ணை மெல்ல உயர்த்தி, எதிரே இருந்த ஜன்னல்களை மாடி மாடியாகப் பார்க்க ஆரம்பித்தார்.

எறும்பு தரையில் உட்கார்ந்துவிட்டாள். உட்கார்ந்தபடியே அக்காவுக்குப் போன் செய்தாள். ரொட்டிக் கம்பெனியில் வேலை நேரத்தில் போனைப் பெட்டிக்குள் பூட்டி வைத்துவிடுவார்கள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. இன்னும் கொஞ்ச நேரத்தில் அக்கா பேருந்தில் இறங்கி இதே தெரு வழியாகத்தான் நடந்து வருவாள். பட்டறைக்குப் போன் செய்தாள். எடுத்தது தாடி. அவர் பின்னால் யாரிடமோ சொல்லும் சத்தம் கேட்டது. குழந்தையை இலையம்மா போய்ப் பள்ளியிலிருந்து கூட்டிக்கொள்வார், நீ கதவைத் திறக்காதே, நாங்கள் வருகிறோம் என்றார். வக்கீல் அம்மாவுக்கும் சொன்னாள். போலீஸுக்குத் தான் சொல்வதாகவும், வர நேரமாகலாம் என்றும் அவர் சொன்னார்.

தாடியும் மற்றவர்களும் ஆட்டோக்களில் வந்து இறங்கினார்கள். வந்துவிட்டார்களே தவிர, என்ன செய்வதென்று ஒருவருக்கும் தெரியவில்லை. அடிதடிக்குப் பழகிய ஆள்கள் இல்லை. ஒரு கனமான பொருளைத் தூக்கினால் மறுநாள் கை வலிக்குமே, கோடு வராதே என்று யோசிக்கிறவர்கள். போய்க் கேட்கலாமா, கேட்டால் இந்த வீடுதான் என்று நாமே காட்டிக்கொடுத்தது போலாகாதா என்று தெருமுனையில் நின்று தவித்தார்கள். பேருந்து நிறுத்தத்தில் போய் அக்காவைத் தடுக்கலாமென்றால் அவள் முகம் அவர்களில் யாருக்கும் தெரியாது. தாடிக்குத் தெரிந்தது ஒரே வேலைதான். முடிதிருத்தும் கடைப் படியில் உட்கார்ந்து, பையிலிருந்த நோட்டைப் பிரித்து அந்த ஆளை வரைய ஆரம்பித்தார்.

தெருக்காட்சிக்காரர் அதைப் பார்த்துவிட்டு எதிர்ப்பக்கம் போய் உட்கார்ந்தார். மற்றவர்களும் ஆளுக்கொரு இடம் பிடித்தார்கள். நிறுத்தியிருந்த ஸ்கூட்டரின் மேல் ஒருத்தி, இன்னொருத்தர் தொட்டியின் மேடையிலேயே. கொஞ்ச நேரத்தில் அந்த ஆளின் முன்னால், பக்கத்தில், பின்னால் எல்லாம் ஆட்கள் உட்கார்ந்து, தலையைத் தூக்கி அவரைப் பார்ப்பதும் குனிவதுமாக இருந்தார்கள். அவர் முதலில் கவனிக்கவில்லை. கவனித்ததும் பின்னால் யாரையோ வரைகிறார்கள் என்று நினைத்துத் திரும்பினார். பிறகு தாடியிடம் வந்து, என்ன விஷயம் என்று மரியாதையாகக் கேட்டார்.

"படம் வரையறோம் சார். நீங்க உங்க வேலையைப் பாருங்க" என்றார் தாடி. குரல் அவருக்கே தெரியும்படி ஆடியது.

என் அனுமதி இல்லாமல் எப்படி வரையலாம் என்று அவர் கேட்டார். தாடி வரைவதை நிறுத்தவில்லை. அந்த ஆள் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார். ஜன்னல்களைப் பார்ப்பதை விட்டுவிட்டு, தன்னைப் பார்க்கும் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். எந்தப் பக்கம் திரும்பினாலும் அங்கே ஒருவர் இருந்தார். முடிதிருத்தும் கடைக்காரர் வாடிக்கையாளரைப் பாதிச் சவரத்தில் விட்டுவிட்டு வாசலுக்கு வந்திருந்தார்.

அப்போதுதான் தெருமுனையில் அக்கா திரும்பினாள்.

மேலே ஜன்னல் கதவிடுக்கில் நின்றிருந்த எறும்பு அதைப் பார்த்துவிட்டுப் படியில் பாய்ந்து இறங்கினாள். வாசலுக்கு வந்தபோது அக்கா நின்றுவிட்டிருந்தாள். தோளில் ரொட்டிக் கம்பெனிப் பை. அவரைப் பார்த்தாள். அப்படியே திரும்பிப் போயிருந்தால் அவருக்குத் தெரிந்திருக்காது, அவர் இன்னும் அவள் பக்கம் திரும்பவில்லை. உட்கார்ந்து வரைந்துகொண்டிருந்தவர்களைப் பார்த்தாள். வாசலில் மூச்சிரைக்க நின்ற தங்கையைப் பார்த்தாள். பிறகு நேராக நடந்து வந்தாள்.

அவரும் பார்த்துவிட்டார். முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. தொலைந்த சாவி கிடைத்ததுபோல.

"பாப்பா எங்க?" என்றார்.

"பத்திரமா இருக்கா."

"சரி, வா. உள்ள போய்ப் பேசலாம். தெருவுல எல்லாரும் பாக்கறாங்க."

"பாக்கட்டும்" என்றாள் அக்கா. அவள் குரலும் உயரவில்லை. "உள்ள வச்சுப் பேசினது போதும். சொல்றதை இங்கேயே சொல்லுங்க. வீட்டுல எப்படிச் சொல்வீங்களோ அப்படியே சொல்லுங்க, கேக்கறேன்."

அவர் வாயைத் திறந்தார். சுற்றிலும் பென்சில்கள் காகிதத்தில் உரசும் சத்தம் கேட்டது. சொல்ல அவருக்கு ஒன்றும் இல்லை. அல்லது, இருந்ததைத் தெருவில் சொல்ல முடியவில்லை. ஒரு எட்டு முன்னே வைத்து அவள் மணிக்கட்டைப் பிடித்தார். பார்க்கிறவர்களுக்கு அது புருஷன் பெண்டாட்டியின் கையைப் பிடித்ததுபோல்தான் இருந்திருக்கும். எறும்பு மட்டும் அக்காவின் தோள் தூக்கிக்கொண்டதைப் பார்த்தாள். எலும்பு விட்டுப்போன அதே கை.

அக்கா கையை உதறவில்லை. தாடியின் பக்கம் திரும்பினாள். அவரை அவள் அதற்குமுன் பார்த்ததே கிடையாது.

"அண்ணே, இந்தக் கையை வரைங்க" என்றாள். "விரல் எப்படிப் பிடிச்சிருக்குன்னு நல்லாப் பாத்து வரைங்க."

தாடி குனிந்தார். தெருக்காட்சிக்காரர் எழுந்து கிட்டே வந்து உட்கார்ந்தார். ஸ்கூட்டரின் மேல் இருந்தவளும் இறங்கி வந்தாள். அக்காவின் புருஷன் தன் கையைத் தானே பார்த்தார், இத்தனை பேர் எதைப் பார்க்கிறார்கள் என்று பார்ப்பதுபோல. விரல்கள் தளர்ந்தன. கையை எடுத்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். அவள் மணிக்கட்டில் அவர் பிடித்த தடம் வெளுத்திருந்து, மெல்லச் சிவந்தது. இதற்கெல்லாம் பதில் சொல்ல வேண்டியிருக்கும் என்று யாரிடம் என்றில்லாமல் சொல்லிவிட்டு, மேம்பாலத்துப் பக்கம் நடந்து போனார். போலீஸ் வந்தபோது மடித்த போஸ்டர் மட்டும் ஈரத் தரையில் கிடந்தது.

கோர்ட்டில் உதவியது முடிதிருத்தும் கடைக்காரர் கைபேசியில் எடுத்திருந்த வீடியோதான். கையை வரைந்த படங்களை வக்கீல் அம்மா கோப்பில் வைத்தார். அவற்றை யாரும் கேட்கவில்லை. புருஷன் அக்காவையோ குழந்தையையோ நெருங்கக் கூடாது என்று உத்தரவு வந்தது. விவாகரத்து இன்னும் இழுத்துக்கொண்டுதான் இருக்கிறது. கண்காட்சி தாடி அவசரமாக எழுதிய வெறும் எழுத்துப் போஸ்டரோடு நடந்தது. எறும்பு தன் படத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டாள்.

பட்டறையில் எல்லோரும் அந்தத் தெருவில் நடந்ததைப் பற்றிப் பெருமையாகப் பேசிக்கொண்டார்கள். எறும்பும் எல்லாம் சரியாகிவிட்டது என்றே நினைத்தாள். இலையம்மா வீட்டில் சில நாட்கள் இருந்த பிறகு அக்கா தனியாக ஓர் இடம் பார்த்துவிட்டதாகச் சொன்னாள். எங்கே என்று தங்கை கேட்டாள். அக்கா குழந்தையின் செருப்பு வாரை மாட்டிக்கொண்டே இருந்தாள். பிறகு சொன்னாள்.

"உன்மேல கோவம் இல்லைடி. என் கையைப் பிடிச்சு நீதான் இந்த ஊருக்குக் கூட்டிட்டு வந்தே, மறக்கலை. ஆனா நீயும் கேக்காம எடுத்துக்கிட்டே. அவரும் ஒருநாளும் கேட்டதில்லை."

அதற்குப் பிறகு அவர்கள் இலையம்மா வீட்டில்தான் பார்த்துக்கொண்டார்கள். அக்கா ரொட்டி கொண்டு வருவாள், குழந்தை பூனையைத் துரத்தும், பேச்சு ரொட்டியைப் பற்றியும் பூனையைப் பற்றியும் நடக்கும். அக்கா இருக்கும்போது எறும்பு பென்சிலைத் தொடமாட்டாள். மழைக்காலம் போய், வெயில் காலமும் பாதி போனது.

ஒரு நாள் அக்காவே போன் செய்து, வீட்டுக்கு வருகிறாயா என்று கேட்டாள். வழி சொன்னாள். எறும்பு பையை எடுத்து, உள்ளே கிடந்த நோட்டையும் பேனாக்களையும் ஒவ்வொன்றாக மேஜையில் எடுத்து வைத்துவிட்டுக் கிளம்பினாள்.

ஒரே அறைதான். ஒரு மூலையில் அடுப்பு, ஒரு மூலையில் குழந்தையின் புத்தகங்கள். ஜன்னல் திறந்திருந்தது. எறும்பு அதற்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டாள். அக்கா அதைக் கவனித்தாள். காபி கலந்து கொடுத்தாள். குடித்து முடித்த பிறகு எறும்புக்குக் கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. மடியில் வைத்தாள், எடுத்தாள், கட்டிக்கொண்டாள்.

"உனக்குக் கை சும்மா இருக்காதே" என்றாள் அக்கா. கொடியிலிருந்து உருவிய துணிகளை அள்ளிக்கொண்டு வந்து அவள் முன்னால் போட்டாள். வெயிலில் காய்ந்து மொடமொடவென்றிருந்தன. போர்வையின் ஒரு நுனியை அக்கா பிடித்துக்கொண்டு, மறுநுனியை நீட்டினாள். எறும்பு எழுந்து வாங்கிக்கொண்டாள். இருவரும் போர்வையை இழுத்து உதறி, முனையோடு முனை சேர்த்து, ஒருவரை நோக்கி ஒருவர் நடந்தார்கள்.